அண்ணி வந்தால் ஆறு கோல்

உ
மந்தைவெளி
6.1.1993

மேரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். வேறு யாரும் எழுதவில்லை. கை என் கை. பேனா மட்டும் அஸ்மத்துன்னிசா டீச்சருடையது.

கடிதத்தில் முதலில் நலம் என்று எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னார். நான் நலமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். முட்டி வலிக்கிறது. மேல் பல் ஒன்று ஆடுகிறது. மற்றபடி நலம்.

ஸ்டெல்லாவின் பிரசவத்துக்கு நீ நெய்வேலி போன பிறகு நம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், நீ சொல்லிக்கொடுத்தது. ஆனால் அது எழுத்து என்று எனக்குத் தெரியாது. படம் மாதிரி வரைவேன். டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். "கோச் சார், எல்லாரும் உங்க வயசுக்காரங்கதான், வெட்கப்படாதீங்க" என்றார். நான் ஏன் வெட்கப்படப்போகிறேன்? முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பின்னால் இருப்பவர்களுக்குத்தான் என் தலை மறைக்கிறதாம்.

மேரி, ஊர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள்! லஸ் முனையில் ஒரு சுவரில் 'இங்கே விளம்பரம் செய்யாதீர்' என்று இருக்கிறது. அதன் மேலேயே ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். நடுத்தெருவில் நின்று சிரித்தேன். யாரோ ஒருவர் என் தோளைப் பிடித்து, "பெரியவரே, தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த கடிதம் இது. இன்று புதன். கால் வலித்துப் பழக்கம் உண்டு. கை வலிப்பது புதிது, நன்றாக இருக்கிறது.

ஸ்டெல்லாவையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். குழந்தையையும்.

நீ எப்போது வருகிறாய்?

கோதண்டபாணி


மரியே வாழ்க
நெய்வேலி
13.1.1993

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உண்மையைச் சொல்லுங்கள், யார் எழுதியது? முட்டி வலிக்கிறது என்ற வரி உங்களுடையது என்று நம்புகிறேன். மற்றதை நம்ப முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "எனக்கு எதுக்கு மேரி எழுத்து, அதான் படிக்க நீ கீறியே" என்று சொன்ன மனிதர், நான் இல்லாத இந்தச் சில மாதத்தில் படித்துவிட்டாரா?

படித்திருந்தால் சந்தோஷம். சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று மனசில் இடறுகிறது, எழுதிவிடுகிறேன். காலையில் காபி குடித்து முடிக்கும்வரை நான் பேப்பர் படிப்பேன், நீங்கள் கேட்பீர்கள். நாள் முழுவதிலும் நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு பொழுதுதான். மிச்சமெல்லாம் மைதானத்துக்குப் போயிற்று. இனி பேப்பரையும் நீங்களே படித்துக்கொள்வீர்கள். அப்புறம் நான் அங்கே வந்து என்ன செய்வது? சாதம் வடிப்பதா?

எப்போது வருகிறாய் என்று கேட்கிறீர்கள். பேத்தியின் ஞானஸ்நானத்தன்று பாதிரியார் உட்பட எல்லாரும் கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குப் போன் செய்து "இன்றைக்கு மேட்ச்" என்றீர்கள். ரிடையர் ஆன மனிதருக்கு என்ன மேட்ச்? குழந்தைக்கு ஆக்னஸ் என்று பெயர் வைத்தோம். அதுகூட உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, கடிதத்தில் வெறும் 'குழந்தை' என்றுதான் இருக்கிறது.

ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் வரட்டும். நான் வருவதைப் பிறகு பார்க்கலாம்.

ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடுங்கள். நாக்கால் துழாவிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஆரோக்கியமேரி

எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். படிப்பது நீங்கள்தான் என்றால் உதவும்.


உ
மந்தைவெளி
24.1.1993

மேரிக்கு,

படித்தது நான்தான். முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்புறம் அர்த்தம் தெரிந்து படித்தேன். அப்புறம் உன் குரலில் படித்தேன். அப்போதுதான் வலித்தது.

பேப்பரை நானே படித்துப் பார்த்தேன். ருசிக்கவில்லை. நீ படிக்கும்போது நடுவில் நிறுத்தித் திட்டுவாய். "இவனுக்குப் போய் சென்டர் ஃபார்வர்டு கொடுத்தவன் யாரு?" என்பாய். அதெல்லாம் பேப்பரில் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அச்சில் அது இல்லை. வெறும் ஸ்கோர்தான் இருக்கிறது.

ஒரு சேதி. என் பழைய மாணவர்கள் சேர்ந்து எனக்கு விழா எடுக்கிறார்களாம். மார்ச் 14, ஞாயிறு, யூனிவர்சிட்டி மைதானம். பழைய மாணவர்கள் ஒரு பக்கம், இப்போது ஆடும் பையன்கள் ஒரு பக்கம், ஃபுட்பால் மேட்ச். ஒரு மலரும் போடுகிறார்கள். அதில் என் வாழ்க்கையைப் போட வேண்டுமாம். நம் கூடைப்பந்து ஸ்ரீரங்கன் வந்தான், கார்டு பொசிஷனில் ஆடுவானே, இப்போது மயிலாப்பூரில் கல்லூரி ஆசிரியர். "சார், நீங்க சொல்லிண்டே வாங்கோ, நான் எழுதிக்கறேன்" என்று பேனாவைத் திறந்தான். "நானே எழுதுவேன்டா" என்றேன். "எழுதுங்கோ சார். பேஷா எழுதுங்கோ" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

எழுதியது இது.

'அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தேன். ஆற்று மணலில் பந்து உதைத்தேன். யூனிவர்சிட்டி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் ஆள் குறைகிறது என்று கோட்டுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பிறகு நீயே பையன்களைப் பழக்கு என்றார்கள். 1966-ல் கோச் என்று ஆர்டர் கொடுத்தார்கள். 1968-ல் கூடைப்பந்து கோச் வேலையை விட்டுப் போனார். ஒரு பந்தைப் பார்த்துக்கொள்பவன் இன்னொரு பந்தையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். பார்த்துக்கொண்டேன். ஃபுட்பால் பையன்களைக் கூடைப்பந்து ஆடவைத்தேன், நாலா பக்கமும் கண் போகும் என்று. கூடைப்பந்துப் பையன்களைப் பெசன்ட் நகர் மணலில் ஃபுட்பால் ஆடவைத்தேன், கால் உறுதிப்படும் என்று. இரண்டிலும் கோப்பை வந்தது. 1990-ல் மாலை போட்டு அனுப்பினார்கள்.'

அவ்வளவுதான் வந்தது. இவ்வளவு வருஷம் இவ்வளவு சின்னதா? ஏதோ குறைகிறது. என்ன என்று நீ சொல்.

ஆக்னஸ் என்ற பெயர் எனக்குத் தெரியும். 'க்' பக்கத்தில் 'ன' போட அப்போது தைரியம் வரவில்லை. ஞானஸ்நானத்துக்கு வராததற்குப் பதில் எழுதவும் இன்னும் தைரியம் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

14-ம் தேதி நீ மைதானத்துக்கு வர வேண்டும். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

கோதண்டபாணி


மரியே வாழ்க
நெய்வேலி
4.2.1993

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

என்ன குறைகிறது என்று கேட்டீர்கள். 'பார்த்துக்கொண்டேன்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போனீர்களே, அங்கேதான் குறைகிறது.

அன்று ஒரு இங்கிலீஷ் விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் போட்டு, "மேரி, திங்கக்கிழமை நான் கூடைப்பந்து சொல்லிக் குடுக்கணும்" என்று நின்றீர்கள். சாந்தோம் கான்வென்ட்டில் எட்டாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு நான் படித்தேன். தெரியாத வார்த்தைக்குப் பக்கத்து வீட்டு ஷாகிராவின் டிக்‌ஷனரி. சமையலறைத் தரையில் கோலமாவால் கோடு போட்டோம். கத்தரிக்காய் நம் ஆட்கள், வெண்டைக்காய் எதிரணி. பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நடக்கக்கூடாது என்று படித்துச் சொன்னேன். "நடக்கக்கூடாதா? இன்னா ஆட்டம்மே இது! பந்த வெச்சுக்கினு பஸ்ஸுக்கா நிக்கறது?" என்று கத்தினீர்கள். கூடைக்குக் கீழே எதிரணி ஆள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்றதும் ஒரு வெண்டைக்காயை எடுத்துத் தூர வீசினீர்கள், அது ஸ்டெல்லாவின் தொட்டிலில் விழுந்தது. மறுநாள் சாம்பாரில் நம் ஐந்து பேரையும் போட்டேன். "சென்டர் பிளேயர் வேகல" என்று குறை வேறு.

அதை எழுதுங்கள்.

மைதானத்துக்கு நான் வரமாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நாம் பேசியதில்லை, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து நீங்கள் பழக்கிய பையன்களின் ஆட்டத்தைப் பார்த்தேன். ஆறு கோல் வாங்கினார்கள். கோல் கீப்பர் அப்துல் கரீம் வெளியே வந்து, "அண்ணி வந்தாங்க, ஆறு வாங்கினோம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை, ஜெயித்தீர்கள். அதற்கடுத்ததும் ஜெயித்தீர்கள். பிறகு நீங்கள் என்னைக் கூப்பிடவே இல்லை. ராசியில்லாதவள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

இத்தனை காலம் காப்பாற்றியதை உங்கள் விழா அன்று வந்து ஏன் கெடுக்க வேண்டும்?

ஆரோக்கியமேரி


உ
மந்தைவெளி
14.2.1993

மேரிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாண்டி பஜாரில் கரீமின் செருப்புக் கடைக்குப் போனேன். அவன் எதிரிலேயே பிரித்துப் படித்தேன். நான் படிப்பதைப் பார்த்து அவன் வாயைப் பிளந்தான். "இன்னா கோச்சு, மெய்யாலுமே படிக்கிறியா, இல்ல மனப்பாடமா?" என்றான். "மூடிக்கினு கேளுடா" என்றேன். நீலப் புடவை வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"நானா அப்டிச் சொன்னேன்?"

"நீதான்."

"சத்தியமா நெனப்பே இல்ல கோச்சு. ஆறும் என் கைய வுட்டுப் போன பந்து. வெக்கத்துல இன்னாத்தையோ ஒளறிக்கினு வெளிய வந்திருப்பேன். அண்ணி அதையா இன்னும் வெச்சுக்கினு கீறாங்க?"

வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டார். கரீம் அப்புறம் வரச் சொல்லிக் கையைக் காட்டினான். அந்த ஆள் போய்விட்டார். பிறகு எழுந்து, இருப்பதிலேயே நல்ல செருப்பாக ஒன்றை எடுத்தான். "அண்ணிக்கு இன்னா சைஸ்?" என்றான். எனக்குத் தெரியவில்லை, மேரி. என்னிடம் ஆடிய பையன்கள் எல்லாருடைய ஷூ அளவும் இன்றைக்கும் சொல்வேன். உன் கால் அளவு தெரியாமல் கடையில் நின்றேன்.

ராசியை நான் நம்பினேனா என்று நீ கேட்கவில்லை. முதல் வருஷம் நம்பினேன். அப்புறம் நம்பவில்லை. ஆனால் உன்னைக் கூப்பிட்டு, அன்று தோற்றால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிடலாம் என்று நினைப்பேன். அப்படியே ரிடையர் ஆகிவிட்டேன்.

ஞானஸ்நானத்தன்று மேட்ச் இருந்தது உண்மை. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் வேலிக்கு வெளியே நின்றேன். புது கோச் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், யாரோ கிழவன் என்று திரும்பிக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. அங்கே நான் யாரும் இல்லை. இங்கே வீட்டிலும் நீ இல்லை. எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அங்கே போய் நின்றேன். நின்றிருக்க வேண்டிய இடம் கோயில் வாசல்.

14-ம் தேதி நாங்கள் கட்டாயம் தோற்போம். நம் ஆட்கள் எல்லாருக்கும் வயிறு. பையன்கள் இப்போதே 'தொப்பை லெவன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கூடைப்பந்துக்காரர்களையும் சேர்த்தால்தான் பதினொன்று தேறுகிறது. கோலில் கரீம். அவன் குனிந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். நீ வந்தாலும் தோல்வி, வராவிட்டாலும் தோல்வி. ஒரு தோல்வியைச் சேர்ந்து பார்க்கலாம், வா.

கோதண்டபாணி


மரியே வாழ்க
நெய்வேலி
20.2.1993

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

வேலிக்கு வெளியே நின்றதை அன்றே போனில் சொல்லியிருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேன். ஆறு மாதம் வீணாக உங்கள் மேல் கோபப்பட்டேன். முழுவதும் வீண் இல்லை, பாதி வீண்.

மேட்ச் நாளில் வீட்டில் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியாது. மைதானம் இருக்கும் திசையில் கடைக்குக்கூடப் போகமாட்டேன். மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டுத் தெருமுனைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஜெயித்தால் சைக்கிள் மணி கேட்கும். தோற்றால் மணி கேட்காது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள். மணி கேட்காத நாளில், நான் வீட்டில்தானே இருந்தேன், இதற்கும் நான்தான் காரணமா என்று நினைத்துக்கொள்வேன். அப்படியும் மனசு அதை விடவில்லை. நீங்கள் தோற்போம் என்று எழுதியதைப் படித்தால் சிரிப்பு வருகிறது, அங்கே வந்து உட்கார நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

அது இருக்கட்டும். முதலில் பேத்தியை வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்றைக்குத்தான் எங்காவது மேட்ச் இருக்கும்.

என் கால் அளவு ஐந்து.

ஆரோக்கியமேரி


உ
மந்தைவெளி
3.3.1993

மேரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வழி முழுக்க ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தூங்க முடியாமல் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். நீ கட்டிக்கொடுத்த இட்லிப் பொடி கொஞ்சம் பேண்டில் கொட்டிவிட்டது.

ஆக்னஸ் என்னை உதைத்தாளே, கவனித்தாயா? இடது கால்! இடது கால் ஆள் தேடி நான் எத்தனை காலேஜ் அலைந்திருக்கிறேன். நம் வீட்டிலேயே பிறந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் பயந்துபோய்க் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் 14-ம் தேதி பற்றி நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. கேட்டு, நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அது முடிந்துபோகும். கேட்காமல் இருந்தால் 14 வரை இருக்கும்.

மலருக்கு மறுபடி எழுதினேன். கத்தரிக்காய், வெண்டைக்காய், கோலமாவு எல்லாம் வந்துவிட்டது. ஸ்ரீரங்கன் படித்துப் பார்த்து, "சார், கத்தரிக்காய் அவசியம் வேணுமா? வைஸ் சான்சலர் படிப்பார்" என்றான். "அது இல்லாங்காட்டி மலரே வேணாம்" என்றேன். "அப்போ இருக்கட்டும் சார், வெண்டைக்காயும் இருக்கட்டும்" என்றான். 1968-ல் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயரை முதலில் எழுதினேன். என் பெயர் இரண்டாவது. உன் பெயரை எழுத நேரம் பிடித்தது. நீளமான பெயர். பிடித்திருந்தது.

கோதண்டபாணி


மரியே வாழ்க
நெய்வேலி
9.3.1993

ஸ்டெல்லா அப்பாவுக்கு,

அச்சில் என் பெயரா? ஸ்டெல்லா கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கத்தரிக்காயையும் சேர்த்து.

பெட்டி கட்டிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் இருப்பேன். காபிப் பொடி இருக்கிறதா பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரை நீங்கள் பிரிக்க வேண்டாம்.

நான் வருவது வீட்டுக்கு. மைதானத்துக்கு என்று இன்னும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து திரும்பினாலும் திரும்புவேன். கோபித்துக்கொள்ளக்கூடாது. ஆறு விழுந்து, யாராவது ஒருவர் வாய் தவறி மறுபடி அதைச் சொன்னால், இந்த வயதில் எனக்குத் தாங்காது.

ஆரோக்கியமேரி


மைதானம், இடைவேளை
14.3.1993

மேரிக்கு,

நேரில் வந்து பேசினால் பந்தல் முழுக்கப் பார்க்கும். அதனால் எழுதி, ஸ்ரீரங்கனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ வாசலில் நின்றதைப் பார்த்தேன். திரும்புவாய் என்று நினைத்தேன். உள்ளே வந்து, முதல் வரிசை நாற்காலியை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்ததையும் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் முதல் கோல் விழுந்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை.

மூன்று விழுந்துவிட்டது. கரீம் உன்னிடம் சொல்லச் சொன்னான்: "அண்ணி, ஒங்க மேல ஒண்ணும் இல்ல. பந்து என் தொப்பைல பட்டு அதுவா உள்ள பூடுச்சு. எழுந்து போயிடாதீங்க, போனீங்கன்னா நானும் கோலை வுட்டுட்டு வந்துடுவேன்." கையுறையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நானும்தான். இன்னும் விழும். இருப்பாயா?

கோதண்டபாணி


(அதே தாளின் பின்பக்கம்)

இருக்கிறேன். கரீமைக் கையுறையை மாட்டச் சொல்லுங்கள்.

முதல் கோல் விழுந்ததும் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் புடவையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க, எனக்கு மறைக்குது" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பார்க்க ஆரம்பித்தேன்.

உங்கள் இடது பக்கம் காலியாகக் கிடக்கிறது. மூன்றும் அந்த வழியாகத்தான் வந்தன. இதற்கு ராசி என்ன செய்யும்? இந்த ஸ்ரீரங்கனுக்குத்தான் கொஞ்சம் மூச்சு மிச்சம் இருக்கிறது, அவரை அங்கே நிறுத்துங்கள். வெள்ளை பனியன் போட்ட குண்டு மனிதரை முன்னால் அனுப்புங்கள், பின்னால் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்.

விசில் ஊதுகிறார்கள். காகிதத்தை மடித்துப் பையில் வையுங்கள். ஆட்டத்தைப் பாருங்கள்.